ஜப்பானை முந்திய மாநிலத்தில் தெருவோரக் கூடாரம் ஏன்?

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகள் அரிசோனாவில் எம்.எஸ். முடித்திருக்கிறாள். சிப் வடிவமைப்பில் இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, வருடத்துக்கு 1,60,000 டாலர். இன்னொன்று டெக்சாஸில் ஆஸ்டின், 1,25,000 டாலர். கலிஃபோர்னியா தனி நாடாக இருந்தால் ஜப்பானைவிடப் பெரியது என்று பேப்பரில் படித்தேன். ஆனால் அங்கே தெருவோரம் வரிசையாகக் கூடாரம் இருப்பதாக மகளே படம் அனுப்புகிறாள். டெக்சாஸோ எண்ணெய்க் காசில் ஓடுகிற ஊர், எண்ணெய் விழுந்தால் எல்லாம் விழுந்துவிடும் என்கிறார் என் மைத்துனர். நியூயார்க்கில் இருக்கும் என் அண்ணன் பையன் இரண்டையும் விட்டு அங்கே வரச் சொல்கிறான். இந்தப் பெரிய பணக்கார மாநிலங்கள் உண்மையில் எதை வைத்து ஓடுகின்றன? எது நிலைத்து நிற்கும்? மகளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கடன் மனுக்களைப் பார்த்துப் பழகியவர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. பொதுவாக எனக்கு எழுதுகிற பெற்றோர் எந்தச் சம்பளம் பெரியது என்றுதான் கேட்பார்கள். நீங்கள் அந்தச் சம்பளம் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஜப்பான் கதையை முடித்துவிடலாம். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் கலிஃபோர்னியாவின் மொத்த உற்பத்தி 4.1 லட்சம் கோடி டாலர். ஜப்பானுடையது 4.02 லட்சம் கோடி. அமெரிக்கா, சீனா, ஜெர்மனி என்ற வரிசையில் நான்காவதாக ஒரு மாநிலம் வந்து நிற்கிறது என்று செய்தி போட்டார்கள். பொய்யில்லை. 4 கோடிக்குக் கொஞ்சம் குறைவான ஜனங்கள் 12 கோடிப் பேர் உள்ள ஒரு நாட்டுக்குச் சமமாகக் கணக்கு காட்டுவது பெரிய விஷயம்தான். ஆனால் 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 105 யென் இருந்தது. 2024இல் 150ஐத் தாண்டிப் போனது. ஜப்பான்காரர் அதே காரை அதே எண்ணிக்கையில் செய்து அதே யென்னுக்கு விற்றாலும், டாலர் கணக்கில் அவர் நாடு முப்பது சதவீதம் சுருங்கிவிடும். முந்தியதில் பாதி கலிஃபோர்னியாவின் கெட்டிக்காரத்தனம் என்றால் மீதி யென்னின் சரிவு.

இன்னொரு சங்கதியும் உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத் தானே வாடகை கொடுத்துக்கொள்வதாக வைத்து, அந்த வாடகையையும் மொத்த உற்பத்தியில் சேர்ப்பார்கள். உலகம் முழுக்க இதுதான் முறை. கலிஃபோர்னியாவில் ஒரு நடுத்தரமான வீட்டின் விலை 2024இல் முதல் முறையாக 9 லட்சம் டாலரைத் தாண்டியது. வாடகை ஏற ஏற அந்த மாநிலத்தின் கணக்குப் புத்தகம் பருத்துக்கொண்டே போகும், புதிதாக ஒரு வீடுகூடக் கட்டாமலே. உங்கள் மகள் படமெடுத்த கூடாரமும் ஜப்பானை முந்திய அந்த எண்ணும் ஒரே வாடகையிலிருந்து வந்தவை. எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, அந்த மாநிலம் எதில் ஓடுகிறது?

எல்லோரும் தங்கத்திலிருந்து தொடங்குவார்கள். 1848 ஜனவரியில் கொலோமா என்ற இடத்தில் மரம் அறுக்கும் ஆலைக்காக வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்ணில் தங்கத் துணுக்கு பட்டது. இரண்டே வருடத்தில் கலிஃபோர்னியா ஒரு மாநிலமாகிவிட்டது. தங்கம் சீக்கிரமே கையால் அள்ளுகிற அளவில் இல்லாமல் போயிற்று. வந்த கூட்டம் போகவில்லை. கோதுமை விதைத்தார்கள், பழத்தோட்டம் போட்டார்கள், எண்ணெய் தோண்டினார்கள், சினிமா எடுத்தார்கள், போருக்கு விமானம் செய்தார்கள். ஒன்று இளைத்தால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்கிற பழக்கம் அந்த ஊருக்கு அப்போதே வந்துவிட்டது.

விவசாயத்தைப் பற்றி உங்களிடம் நாலு வார்த்தை கூடச் சொல்லாமல் இருக்க முடியாது. உலகத்தில் விளையும் பாதாமில் ஐந்தில் நான்கு பங்கு கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் விளைகிறது. அதை வெளிநாடுகளில் அதிகம் வாங்குவது நாம்தான். தீபாவளிக்கு மன்னார்குடிக் கடையில் நீங்கள் வாங்கும் பாதாம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததாகவே இருக்கும். பிப்ரவரியில் மரம் பூக்கும்போது மகரந்தம் சேர்க்க அமெரிக்கா முழுவதிலுமிருந்து லாரி லாரியாகத் தேனீப் பெட்டிகள் வரும். அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர்கள் பலருக்குத் தேனைவிட இந்த வாடகை பெரிய வருமானம்.

இவ்வளவும் தண்ணீரால். வடக்கே மழை, தெற்கே ஜனம். இடையில் தெஹாச்சப்பி மலை. அந்த மலைக்கு மேல் 1,926 அடி உயரத்துக்குத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். நம் வாய்க்கால் தண்ணீர் முறையெல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. இவர்கள் ஆற்றையே மாடி ஏற்றுகிறார்கள். அதுவும் போதாமல் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் பூமி உட்கார்ந்துவிட்டது. மென்டோட்டா அருகே 1977இல் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. ஒரு கம்பத்தடியில் ஜோசப் போலண்ட் என்ற நிலவியல் நிபுணர் நிற்கிறார். கம்பத்தின் உச்சியில் 1925 என்று ஒரு பலகை: அந்த வருடம் தரை அங்கே இருந்தது. நடுவில் 1955. அவர் காலடியில் 1977. ஏறக்குறைய 9 மீட்டர் இறங்கியிருக்கிறது. டெல்டாக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் இந்த விவசாயம் முழுவதும் சேர்ந்து மாநில உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டைத் தொடாது. மனிதர் பயன்படுத்தும் தண்ணீரில் நூற்றுக்கு எண்பதை அதுதான் குடிக்கிறது. சட்டமன்றத்தில் சண்டை முழுக்கத் தண்ணீருக்காக இருக்கும், வருமானம் வேறெங்கோ இருந்து வரும். ஹாலிவுட்டும் அப்படித்தான், பெயருக்கு இருக்கும் பெருமை கணக்கில் அவ்வளவு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் என்ற இரட்டைத் துறைமுகம் அதைவிட முக்கியம். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்குப் பெட்டிகளுக்கு அதுதான் தலைவாசல். 2021 கடைசியில் அங்கே நூற்றுக்கும் மேல் கப்பல்கள் இடமில்லாமல் வரிசை கட்டி நின்றபோது பல இடங்களில் சாமானுக்குத் தட்டுப்பாடு வந்தது.

உங்கள் மகளுக்குச் சம்பளம் வரும் கிணறு இவை எதுவும் இல்லை. அதன் ஊற்று சான் ஹோசேயை ஒட்டிய சான்டா கிளாரா பள்ளத்தாக்கு. அறுபது எழுபது வருடத்துக்கு முன் அது ஆப்ரிகாட், பிளம் பழத்தோட்டம்.

வில்லியம் ஷாக்லி என்பவர் சிப்புக்கு அடிப்படையான டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் பரிசு வாங்கியவர்களில் ஒருவர். கிழக்குக் கரையில் இருந்தவர், சொந்தக் கம்பெனி தொடங்க இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். ஒரு காரணம், அவருடைய அம்மா பாலோ ஆல்ட்டோவில் இருந்தார். உலகத்தின் சிப் தொழில் எங்கே உட்கார வேண்டும் என்பதில் ஒரு வயதான தாயாருக்கும் பங்கு உண்டு என்று நான் மாணவர்களிடம் சொல்வது வழக்கம். ஷாக்லி மேதை, ஆனால் அவரிடம் வேலை பார்ப்பது கொடுமை. 1957இல் அவர் பொறுக்கி எடுத்த இளைஞர்களில் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்.

இதே எட்டுப் பேர் வேறு பல மாநிலங்களில் இதைச் செய்திருந்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். வேலையை விட்டால் இத்தனை வருடம் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வது முதலாளிகள் வழக்கம். கலிஃபோர்னியாவில் அந்த எழுத்து செல்லாது. 1872ஆம் ஆண்டுச் சட்டம் அது. சிப்புக்காகப் போட்ட சட்டமில்லை. அப்போது வீடுகளுக்கு மின்விளக்கே வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரியால் அங்கே ஆள் நகர்ந்துகொண்டே இருக்க முடிந்தது. அந்த எட்டுப் பேரில் நாய்ஸும் மூரும் ஃபேர்சைல்டிலிருந்து போய் 1968இல் இன்டெல். அடுத்த வருடம் இன்னொரு கூட்டம் போய் ஏ.எம்.டி. எட்டுப் பேரில் ஒருவரான கிளைனர் 1972இல் மற்றவர்களுக்கு முதல் போடுகிற தொழிலையே தொடங்கினார். ஃபேர்சைல்டின் தலைவராக இருந்த காரிகன் வெளியே வந்து எல்.எஸ்.ஐ. லாஜிக் தொடங்கினார், அங்கே வேலை பார்த்த ஜென்சன் ஹுவாங் 1993இல் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து என்விடியாவைத் தொடங்கினார். இன்று செயற்கை நுண்ணறிவு என்று உலகமே பேசுகிற சிப், அந்த எட்டுப் பேர் வம்சத்தில் கொள்ளுப்பேரன்.

பாஸ்டன் நகரைச் சுற்றி இதே காலத்தில் இதைவிடப் பெரிய கணிப்பொறிக் கம்பெனிகள் இருந்தன. படித்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள், பல்கலைக்கழகமும் பணமும் இருந்தன. ஆனால் கம்பெனிகள் கோட்டை மாதிரி தனித்தனியாக இருந்தன; உள்ளே போனவர் அங்கேயே ஓய்வு பெற்றார். ஆளுக்கு ஒன்றாக மேஜையில் வைத்துக்கொள்ளும் சிறு கணிப்பொறி வந்தபோது கோட்டையோடு சேர்ந்து உள்ளே இருந்தவர்களும் விழுந்தார்கள்.

இதை அரசாங்கத்தின் தயவில்லாமல் வளர்ந்த தொழில் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1960களின் தொடக்கத்தில் அந்தச் சிப்புகளை ஏறக்குறைய முழுவதையும் வாங்கியது ராணுவமும் விண்வெளித் துறையும்தான். ஒரு சிப் யானை விலை விற்றபோது, ஏவுகணைக்கும் நிலாப் பயணத்துக்கும் விலை பார்க்காமல் வாங்கிய ஒரு வாடிக்கையாளர் இருந்ததால்தான் விலை இறங்கிக் கால்குலேட்டருக்கு வந்தது. அதோடு 1960இல் மாநிலம் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. படிப்பில் முன்னால் நிற்பவர்களுக்குப் பல்கலைக்கழகம், நடுவில் மாநிலக் கல்லூரி, யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஊருக்கு ஊர் சமுதாயக் கல்லூரி. அந்தக் கல்லூரிகள் இன்று நூற்றுக்கும் மேல்.

இப்போது கூடாரத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காகப் பாலோ ஆல்ட்டோ போயிருந்தேன். காலையில் நடக்கப் போவது என் வழக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓரமாக எல் கமினோ ரியால் என்று ஒரு பெரிய சாலை போகிறது. அதன் ஓரத்தில் பழைய சுற்றுலா வேன்கள், ஒன்றன் பின் ஒன்றாக. ஜன்னலில் அட்டையை மறைப்பாக வைத்திருந்தார்கள். ஒரு வேன் கதவைத் திறந்து ஒருவர் இறங்கினார், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை. பின்னாலேயே ஒரு சிறுமி பள்ளிக்கூடப் பையோடு. பிச்சைக்காரர்கள் இல்லை. வேலை இருக்கிறது, வீடு இல்லை.

1978இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். பதின்மூன்றாம் பிரேரணை என்பார்கள். வீட்டு வரி, வாங்கிய விலையில் ஒரு சதவீதம். வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் அந்த மதிப்பை ஏற்றக் கூடாது. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கும் நிலை வரக்கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் நாற்பது வருடம் முன்பு வாங்கியவர் கொஞ்சமாகக் கட்டுகிறார், நேற்று வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் பத்து மடங்கு கட்டுகிறார். பழைய ஆளுக்கு வீட்டை விற்கவும் மனசு வராது, பக்கத்தில் அடுக்கு மாடி எழும்பவும் விடமாட்டார். ஊராட்சிக்கோ புது வீட்டைவிடக் கடைத்தெருவால் வரி அதிகம் கிடைக்கும். வேலையைப் பெருக்கிக்கொண்டே போய், வீட்டை மட்டும் பெருக்காமல் விட்டால் என்ன ஆகும்? சிப்பில் வந்த சம்பளம் நிலத்துக்காரர் கைக்குப் போகும். சிப் தெரியாத பள்ளி ஆசிரியை, துப்புரவுத் தொழிலாளி, சமையல்காரர் வேனுக்குப் போவார்கள். 2024 கணக்கெடுப்பில் வீடில்லாதவர்கள் 1,87,000 பேர். அமெரிக்காவில் வீடில்லாத நாலு பேரில் ஒருவர் அங்கே. ஊருக்குள் வீடு கட்டுவதைச் சுற்றுச்சூழல் வழக்குப் போட்டு நிறுத்தும் வழியை 2025இல்தான் ஓரளவு அடைத்திருக்கிறார்கள்.

கஜானாவும் அதே மாதிரி ஊஞ்சல். வருமான வரியில் கிட்டத்தட்ட பாதியை மேல்தட்டு ஒரு சதவீதம் பேர் கட்டுகிறார்கள். பங்கு விலை ஏறினால் அவர்கள் வருமானம் ஏறும், இறங்கினால் தொப்பென்று விழும். 2022 மே மாதம் ஏறக்குறைய 10,000 கோடி டாலர் உபரி என்றார்கள். 2023 டிசம்பரில் 6,800 கோடி டாலர் பற்றாக்குறை என்றார்கள். உங்கள் சங்கத்தில் இப்படி ஒரு பேரேடு இருந்திருந்தால் தணிக்கைக்காரர் தூங்கியிருக்க மாட்டார்.

அடுத்து டெக்சாஸ். உங்கள் மைத்துனர் சொல்வது நாற்பது வருடத்துக்கு முன்பு முழு உண்மை.

1901 ஜனவரியில் பியூமான்ட் அருகே ஸ்பின்டில்டாப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டது. அதிலிருந்து அந்த மாநிலத்தின் ஜாதகமே மாறிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது வேறொரு கிணறு. டெக்சாஸ் அரசு 1876லும் 1883லும் பல்கலைக்கழகத்துக்கென்று மேற்கே சுமார் 21 லட்சம் ஏக்கர் எழுதி வைத்தது. வெறும் பொட்டல், மாடு மேய்க்கக்கூட யோசிக்க வேண்டிய பூமி. நல்ல நிலத்தையெல்லாம் ரயில்வேக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டாந்தரையைத் தள்ளிவிட்ட கதை, நமக்குப் பழக்கமானதுதான். அங்கே எண்ணெய் தேடிய ஒருவரிடம் நியூயார்க்கில் சில கத்தோலிக்கப் பெண்கள் பணம் போட்டிருந்தார்கள். பயம் வந்து பாதிரியாரிடம் கேட்டார்கள். முடியாத காரியங்களுக்கு சான்டா ரீட்டாவை வேண்டிக்கொள்ளுங்கள் என்றார் அவர். மந்திரித்த ரோஜா இதழ்களை எண்ணெய் தோண்டும் கோபுரத்தின் உச்சியிலிருந்து தூவி, கிணற்றுக்கு அந்தப் புனிதையின் பெயரையே வைத்தார்கள். 1923 மே மாதம் எண்ணெய் வந்தது. பொட்டல் நிலத்தின் பங்கு முழுக்கப் பல்கலைக்கழக நிதிக்குப் போயிற்று. இன்று அந்த நிதியின் மதிப்பு 3,000 கோடி டாலருக்கு மேல். வருகிற தொகையில் மூன்றில் இரண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு, மூன்றில் ஒன்று ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு. உங்கள் மகளுக்கு ஆஸ்டினில் வேலை கொடுக்கிற கம்பெனி ஏன் ஆஸ்டினில் இருக்கிறது என்பதற்கு அந்தப் பொட்டல் ஒரு பெரிய காரணம். 1983இல் கணிப்பொறிக் கம்பெனிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்புக்கு இடம் தேடியபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள் போட்டி போட்டன. புதிய பேராசிரியர் பதவிகளுக்கு நிதி ஒதுக்குகிறோம் என்று சொல்லி ஆஸ்டின் அதை வாங்கியது. 1988இல் செமடெக் என்ற சிப் ஆராய்ச்சி அமைப்பும் அங்கேயே வந்தது.

அதற்கு நடுவில்தான் மைத்துனர் சொல்லும் அடி விழுந்தது. 1985 கடைசியில் 30 டாலரை ஒட்டி இருந்த ஒரு பீப்பாய் எண்ணெய் சில மாதத்தில் 10 டாலர் அருகே வந்துவிட்டது. எண்ணெயை நம்பிக் கட்டிடம், கட்டிடத்தை நம்பிக் கடன், கடனை நம்பி வங்கி என்று அடுக்கியிருந்தார்கள். டெக்சாஸின் பத்துப் பெரிய வங்கிகளில் ஒன்பது மூழ்கின அல்லது கை மாறின. கடவுளே, இன்னும் ஒரு தடவை எண்ணெய் யோகம் கொடு, இந்தத் தடவை வீணடிக்க மாட்டேன் என்று கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஜனங்கள் போனார்கள். ஒன்றைக் கவனியுங்கள். வங்கி மூழ்கியபோது டெபாசிட் காப்பீட்டுப் பணம் வாஷிங்டனிலிருந்து வந்தது. வேலை போனவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போனார், பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. இதனால்தான் ஒரு மாநிலத்தை ஜப்பானோடு ஒப்பிடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஜப்பான் விழுந்தால் தாங்கிப் பிடிக்க மேலே ஒருவர் இல்லை.

அந்த அடி டெக்சாஸுக்குப் பாடமாயிற்று. 1988இல் எண்ணெய், எரிவாயு வரியின் ஒரு பகுதியை நல்ல காலத்தில் எடுத்து வைக்கும் சேமநிதி தொடங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் மாநில உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு பூமிக்கடியிலிருந்து வந்தது. இப்போது பத்தில் ஒன்று அளவில் ஏறி இறங்குகிறது. எண்ணெய் குறைந்ததால் இல்லை. அமெரிக்கா எடுக்கும் கச்சா எண்ணெயில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இன்றும் டெக்சாஸ்தான். மற்றவை அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டன: ஹூஸ்டனின் ரசாயன ஆலைகள், மருத்துவமனைகள், டாலஸின் அலுவலகங்கள், மெக்சிகோ எல்லையில் லரேடோ வழியாக நாளெல்லாம் ஓடும் லாரிகள். காற்றாலை மின்சாரத்திலும் அமெரிக்காவில் அதுவே முதலிடம். எண்ணெய்க்காரர்கள் சிரித்துக்கொண்டே நிலத்தை வாடகைக்கு விட்டார்கள். மொத்த உற்பத்தி 2.7 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது.

அதன் பெரிய பலம் வீடு. கட்ட விடுகிறார்கள். மாநில அளவில் நடுத்தர வீட்டின் விலை மூன்றரை லட்சம் டாலரை ஒட்டித்தான். தனிநபர் வருமான வரி மாநிலத்தில் கிடையாது. அதற்குப் பதில் வீட்டு வரியில் பிடுங்குவார்கள். குறை என்னவென்றால் பொதுக் காரியங்களில் கஞ்சத்தனம். 2021 பிப்ரவரியில் கடும் பனி வந்தபோது, மற்ற மாநிலங்களோடு பெரிதாகச் சேராமல் தனியாக வைத்திருந்த மின் கட்டமைப்பு படுத்துவிட்டது. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

உங்கள் அண்ணன் பையனுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கை வளர்த்தது 1825இல் திறந்த ஈரி கால்வாய். உள்நாட்டுத் தானியமெல்லாம் அந்தத் துறைமுகத்துக்கு வந்தது. தானியத்துக்குக் கடன் கொடுக்க வங்கி, கப்பலுக்குக் காப்பீடு, பங்குச் சந்தை. இன்று கால்வாயில் உல்லாசப் படகு போகிறது. வங்கிக்காரர்கள் இருக்கிறார்கள். சிப் வடிவமைக்கிற பெண்ணுக்கு அங்கே அதிகம் வேலை இல்லை.

இனி மகளின் கணக்கு. இரண்டு சம்பளத்துக்கும் வித்தியாசம் 35,000 டாலர். அதில் மத்திய அரசின் வரியும் பிடித்தமும் சுமார் 11,000 போகும். கலிஃபோர்னியா மாநில வரியும் பிடித்தமும் அவர் சம்பளத்துக்கு வருடம் 13,000 அளவில் வரும். டெக்சாஸில் அது பூஜ்யம். மீதி 11,000. வாடகை வித்தியாசம் மாதம் 1,000 டாலருக்குக் குறையாது. ஆக, கையில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுதான். அந்த 35,000 எண்ணாகப் பார்த்தால் பெரிது. மத்திய அரசும் கலிஃபோர்னியா அரசும் வீட்டுக்காரரும் பாகம் பிரித்த பிறகு ஒன்றும் மிஞ்சாது.

அப்படியானால் ஆஸ்டின்தானே என்பீர்கள். நான் சான் ஹோசே பக்கம்தான் சாய்வேன், முதல் நாலைந்து வருடத்துக்கு. காரணம் விசா. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த முதலாளியைப் பிடிக்க 60 நாள்தான் அவகாசம். சான் ஹோசேயில் இருபது மைல் சுற்றளவில் சிப் வடிவமைக்கும் கம்பெனிகள் எத்தனையோ. வீடு மாற்றாமல் வேலை மாற்றலாம். ஆஸ்டினில் இருக்கின்றன, ஆனால் எண்ணிவிடலாம். ஒரே சமயத்தில் நாலு கம்பெனி ஆட்குறைப்புச் செய்தால் 60 நாள் சீக்கிரம் ஓடிவிடும். கையில் மிஞ்சும் பணம் ஒன்றாக இருக்கும்போது இந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கூட இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டால் கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம். அங்கே வீடு மட்டும் வாங்க வேண்டாம், யார் சொன்னாலும். கிரீன் கார்டு என்ற நிரந்தர வசிப்பு அனுமதியோ வேறு ஏற்பாடோ கைக்கு வந்து, குடும்பம் என்று ஆன பிறகு டெக்சாஸ் போகட்டும். ஏராளமானவர்கள் அப்படித்தான் போகிறார்கள்.

மகளுக்கு ஆஸ்டின்தான் மனசுக்குப் பிடித்திருக்கிறது என்றால் தடுக்காதீர்கள், தவறான முடிவு ஒன்றுமில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் அந்த ஒப்பந்தத்தில் வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற ஷரத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டெக்சாஸில் நியாயமான அளவில் இருந்தால் அது செல்லும். எத்தனை மாதம், எந்தெந்த ஊர், எந்த மாதிரி வேலை என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் நான் படித்துவிட்டு எழுதுகிறேன்.